வழியில் நின்ற நீர்மருது

எங்கள் கால்வாயை யாராவது சாக்கடை என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பீர்க்கன்கரணைப் பக்கத்தில் ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறிப் போகிற வழி அது. வெயில் காலத்தில் அதில் ஓடுவது வீடுகளின் கழிவுநீர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்துவிட்டால் அதன் நடையே வேறு. அப்போது அதைச் சாக்கடை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தண்ணீர் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று மட்டும்தான் கேட்பார்கள்.

நான் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேனே தவிர விசிலை விட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய்க் கரையில் நின்று நான் விசிலை ஊதினால், பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் நாலைந்து பால்கனிக் கதவுகள் சாத்தப்படும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கள் கூட்டம் அந்த விசிலுக்குத்தான் கூடும். கையுறை, மண்வெட்டி, அரிவாள், கோணிப்பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குப்பை அள்ளுவோம், முள் வெட்டுவோம். கரை மேல் கிராவல் கொட்டி நாங்களே அமைத்த நடைபாதையைச் சீர் செய்வோம். இன்றைக்கு அந்தப் பாதையில் காலையில் நடக்கிறவர்களும் உண்டு, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவர்கள் என்று பார்த்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவோம். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், அவரை நாங்கள் பேங்க் சார் என்போம். நல்ல மனிதர். எந்த அலுவலகத்தின் படியையும் சலிக்காமல் ஏறி இறங்குவார். சண்டை என்று வந்தால் மட்டும் காத தூரம் ஓடிவிடுவார். அடுத்தவன் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி. செல்ஃபி எடுக்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டான், ஆனால் நகர்த்துகிற கல் பெரிய கல்லாக இருக்கும். பிறகு, மாவுக்காரி.

மாவுக்காரி என்பது நான் வைத்த பெயர் இல்லை. அவளே போனில் அப்படித்தான் சொல்வாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். கணவன் கொத்தனார் வேலைக்குப் போகிறவன், இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கால்வாயின் இரண்டு கரையிலும் காலையில் சுடுகிற தோசையில் பாதி அவள் மாவுதான். நீ ஏன் இந்த வேலைக்கு வருகிறாய் என்று ஆரம்பத்தில் ஒரு நாள் கேட்டேன்.

"வூட்டுக்குள்ள வர்ற தண்ணிய இங்கியே வச்சுப் பாத்துக்கலாம்னு வந்தேன்க்கா," என்றாள்.

அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. போன மழையில் கால்வாய் வழிந்து அந்தத் தெருவுக்குள் புகுந்தது. தெருவை ஒட்டி, அடியில் தண்ணீர் போக இரண்டு கண் வைத்த சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் வாயில் ஆகாயத்தாமரையும் குப்பையும் வந்து அடைத்துக்கொண்டன. நாங்கள் மூங்கில் கழியை வைத்துக்கொண்டு காலையில் இருந்து தள்ளினோம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் மாவுக்காரியின் வீட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர். கிரைண்டர் மோட்டார் போய்விட்டது, ஊறவைத்த அரிசி உளுந்து எல்லாம் சேற்றோடு சேர்ந்து போனது. தண்ணீர் வடிந்த பிறகு நான் போனபோது அவள் தேங்காய்ச் சிரட்டையால் தரையில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"அடுத்த வருசமும் வந்துச்சின்னா காலி பண்ணிகினு எங்க மாமியா ஊருக்குப் போய்டுவேன்க்கா. அங்க போயி இன்னா பண்றது? அந்த ஊர்ல எவ காசு குட்த்து இட்லி மாவு வாங்குறா? பொண்ணுங்க படிப்பு வேற கீது. ஆனா இத்த மாரி இன்னொரு தபா என்னால முடியாது."

அடுத்த வருடம் வராது என்று நான் அங்கேயே நின்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது என் பொறுப்பு ஆகிவிட்டது.

முதலில் யார் யாரையோ திட்டினோம். மேல்பக்கத்தில் குப்பை கொட்டுகிறவர்களைத் திட்டினோம், பாலத்தைக் குறுகலாகக் கட்டியவர்களைத் திட்டினோம். திட்டுவதில் நான் எப்போதும் முன்வரிசை. பிறகு சித்திரையில் தண்ணீர் வற்றியது. நெகிழிப் பைகளைப் பொறுக்க ஒரு நாள் நான் கால்வாயின் உள்ளே இறங்கினேன். அப்போதுதான் அந்த மரங்களைக் கீழே இருந்து பார்த்தேன்.

அந்த மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது இறந்துபோனால் அவர் பேரில் கரையில் ஒரு மரம் வைப்போம். சின்னத் தகரத் தகட்டில் பேர் எழுதிக் கட்டுவோம். நாங்கள் ஆரம்பித்தது கொஞ்ச நாளில் இந்தப் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. திதி கொடுத்துவிட்டு நேராகக் கரைக்கு வந்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு வீட்டில் நாய்க்குக்கூட மரம் வைத்தார்கள். புங்கன், நாவல், நீர்மருது என்று எல்லாம் நன்றாக வந்தன. நன்றாக வந்ததற்குக் காரணம், எல்லாவற்றையும் கரையின் உள்சரிவில், தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். வெளிப்பக்கம் வெறும் கட்டாந்தரை. அங்கே வைத்தால் கோடையில் குடம் குடமாகத் தூக்கி ஊற்ற வேண்டும். உள்ளே வைத்தால் வேர் தானாகத் தண்ணீரைத் தேடிக்கொள்ளும். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம்.

கால்வாயின் தரையில் நின்று பார்த்தால் ஒவ்வொரு மரத்திலும் என் தோள் உயரத்துக்குக் குப்பை மாட்டியிருந்தது. சேலைத் துண்டு, கேரி பேக், காய்ந்துபோன ஆகாயத்தாமரை, தெர்மாகோல். எல்லாம் தண்ணீர் வருகிற பக்கத்தில்தான். பாலத்தை நெருங்க நெருங்க மரங்களும் நெருங்கி நின்றன. கால்வாயின் அகலத்தில் கால்வாசியை நாங்கள் செத்தவர்களுக்குக் கொடுத்திருந்தோம். பள்ளத்தில் குடியிருக்கிற உயிருள்ளவர்களின் வீட்டுக்குத் தண்ணீரைத் திருப்பி விட்டிருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உள்ளே இறக்கிக் காட்டினேன். இதையெல்லாம் எடுத்தாக வேண்டும் என்றேன்.

"அக்கா, நம்மளே மரம் நடற க்ரூப்," என்றான் ஐ.டி. தம்பி. "நாமளே வெட்டினா வெளியில என்ன சொல்வாங்க?"

"மறுபடி தண்ணி வந்தா என்ன சொல்வாங்கன்னு யோசி."

மாவுக்காரி வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டுக்காக வெட்டுகிறார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். அது எனக்குப் புரிந்தது. அதனால் அவள் பக்கம் நானும் திரும்பவில்லை.

பேங்க் சார் மாநகராட்சிக்கு நடந்தார். பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்தார். மழைக்கு முன்னால் தூர் வார பொக்லைன் அனுப்புவதாகவும், சரிவில் மரம் நின்றால் அதன் கை உள்ளே எட்டாது என்றும் சொன்னார். எந்தெந்த மரத்தை எடுக்க வேண்டுமோ அதில் நாங்களே சிவப்புச் சாயம் பூசிக் காட்ட வேண்டும், அவற்றுக்கு அனுமதி வந்துவிடும். ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மரம் வைத்த வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவை வெட்டப் போகிறோம் என்று யார் போய்ச் சொல்வது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வீடு வீடாக ஏறினேன். எனக்கு இதமாகப் பேச வராது. விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டு, அவர்கள் திட்டி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் கதவைச் சாத்தினார், மறுநாளும் போய் மணியை அடித்தேன். ஊரப்பாக்கத்துக்கு வீடு மாறிப் போன ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடித்தேன். அந்த வீட்டுப் பையன் அப்பாவின் மரத்துப் படத்தை போனில் காட்டி அழுதான். நானும் கூட அழுதேன், ஆனால் சம்மதம் வாங்காமல் எழுந்திருக்கவில்லை. ஒரு வீட்டு அம்மா மட்டும் நான் சொல்லி முடிப்பதற்குள், "எங்க மாமியார் மரந்தானே? அதை முதல்ல வெட்டுங்க," என்றார். நாய்க்கு மரம் வைத்தவர்கள்தான் எல்லாரையும்விட அதிகம் வாதாடினார்கள். ஒவ்வொரு வீடாகச் சம்மதம் வர வர, பேங்க் சாரும் தம்பியும் அந்தந்த மரத்தில் சிவப்பு வளையம் பூசினார்கள்.

ஒரு மரத்தில் மட்டும் பூசவில்லை. பாலத்தின் வாயை ஒட்டி நின்ற நீர்மருது. அது என் வீட்டுக்காரர் பேரில் நான் வைத்தது.

அவர் இருந்த காலத்தில் இந்தக் கால்வாய்ப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் வந்தது கிடையாது. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து இங்கேயே நட்டுவைத்தேன். பாலத்தருகே மண் இளக்கமாக இருந்ததால் அந்த இடம். மரம் மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் நடக்கப் போகும்போது அதனிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வந்ததில்லை. காஸ் தீர்ந்துபோனது, மகள் போன் செய்யாதது, முட்டி வலி. அவர் உயிரோடு இருந்தபோதும் இவ்வளவுதான் பேசுவோம்.

மரங்கள்தான் தண்ணீரை மறிக்கின்றன என்று கண்டுபிடித்தவள் நான். அந்த மரத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குப்பை மாட்டியிருந்தது என்பதையும் நான் பார்த்தேன். ஆனால் என் வாயால் சொல்லவில்லை. யாராவது சொல்லட்டும், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். ஊரில் எல்லாரிடமும் சம்மதம் கேட்டுப் போனவள் நான், என் வீட்டுக் கதவைத் தட்ட ஒருத்தரும் வரவில்லை. சண்டை போட ஆள் இல்லாமல் போனதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கேட்டேன். "குறி போட்டாச்சா சார்? எல்லாத்துலயும்?"

"போட்டாச்சு மேடம்," என்று பேங்க் சார் சாய டப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"இது?"

"உங்க மரம் கொஞ்சம் மேல இருக்கு மேடம். தண்ணி அவ்ளோ தொடாது."

பச்சைப் பொய். அதன் வேர் பாலத்தின் கண்ணுக்குள்ளேயே போயிருந்தது. தம்பியைப் பார்த்தேன். அவன் போனை எடுத்து யாரும் கூப்பிடாத போனில் பேச ஆரம்பித்தான். மாவுக்காரியைப் பார்த்தேன். இந்தப் பாலம் அடைத்தால் முதலில் மூழ்குவது அவள் வீடு.

"நீ சொல்லு. இது நிக்கலாமா?"

"எனக்கு இன்னாக்கா தெரியும், மாவு ஆட்டறவ," என்று சொல்லிவிட்டுக் குனிந்து கோணிப்பையை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

எனக்கு அப்போது வந்த கோபம் அவர்கள் மேலா, என் மேலா, செத்துப்போன மனிதர் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. இவர்கள் என்னை என்ன நினைத்துவிட்டார்கள்? மற்றவர்கள் வீட்டுச் சோகத்தை வெட்டச் சொல்லிவிட்டு என் சோகத்தை மட்டும் கட்டிக் காக்கிறவள் என்றா? அதைவிட, அவர்கள் நினைத்தது சரிதானே என்பது இன்னும் சுட்டது. பேங்க் சார் கையில் இருந்த பிரஷைப் பிடுங்கினேன். சரிவில் இறங்கி மரத்தைச் சுற்றி நானே பூசினேன். வளையம் கோணலாகத்தான் வந்தது. மேலே ஏறி வந்து விசிலை ஊதி, "வேலையைப் பாருங்க," என்றேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெட்டுகிற அன்று மற்ற வீட்டுக்காரர்கள் கற்பூரம் ஏற்றினார்கள், மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டேன். ரம்பக்காரர் என் மரத்துக்கு வந்தபோது, கொஞ்சம் இருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு அடிமரத்தில் கை வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் வரைக்கும் வாசலிலேயே நிற்பார். காற்று வேண்டுமாம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவரை இடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து எத்தனை முறை கத்தியிருப்பேன். அதையேதான் அன்றைக்கும் சொன்னேன்.

"போதும், வழியை விட்டு வாங்க. மத்தவங்க போகணும்."

ரம்பம் ஓடியது. நான் அங்கேயே நின்று முழுக்கப் பார்த்தேன். பாதியில் போய்விட்டால் அப்புறம் அப்பா மரத்துக்காக அழுத அந்தப் பையனை எந்த முகத்தோடு பார்ப்பது? மரம் கரைப் பக்கமாகச் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு அன்றைக்கு ஒன்றும் சமைக்கவில்லை. வலித்தது. அவரை இரண்டாம் முறை எடுத்துக்கொண்டு போனது போலத்தான் இருந்தது.

ஆனால் மறுநாளே கரைக்குப் போய்விட்டேன். பொக்லைன் இறங்கிப் பாலத்தின் கண்ணில் இருந்து அள்ளியதைப் பார்த்தால் கால்வாய்க்குள் இன்னொரு கரையே இருந்திருக்கிறது. வேரும் சேறும் மெத்தையும் சைக்கிள் டயரும் வண்டி வண்டியாகப் போயின. வெட்டிய கிளைகளை வைத்து வெளிப்பக்கத்துக் கட்டாந்தரையில் வேலி கட்டினோம். வேலிக்குள் புதுக் கன்றுகள் வைத்தோம். ஒவ்வொரு கன்றுக்கும் குடம் தூக்க வேண்டும். முறை வைத்துத் தூக்குகிறோம். முட்டி வலிக்கிறது என்று யாராவது சொன்னால், எனக்கும்தான் வலிக்கிறது என்பேன். வெயிலில் இரண்டு குடம் தூக்கிக்கொண்டு மேடு ஏறும்போது தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான், "இது எவ்ளோ நாளைக்கு அக்கா?" வேர் பிடிக்கிற வரைக்கும் என்றேன்.

ஐப்பசி வந்தது. காற்றழுத்தத் தாழ்வு என்று தொலைக்காட்சியில் சொல்ல ஆரம்பித்ததும் எங்கள் பக்கம் எல்லாரும் மேடான ஜி.எஸ்.டி. சாலையில் கொண்டுபோய்க் காரை நிறுத்தினார்கள். நாங்கள் நாலு பேரும் பாலத்தில் முறை போட்டு நின்றோம். முதல் நாள் மழைக்குக் கால்வாய் பாதி வந்தது. அடுத்த நாளும் விடவில்லை. அதற்கு மறுநாள் விடியும்போது மின்சாரம் போய்விட்டது. மாவுக்காரியின் போனுக்கு அடித்தால் அணைந்து கிடந்தது. குடை பிடித்தும் பயனில்லாத மழையில் கரைக்கு ஓடினேன்.

கால்வாய் கரை தொட ஒரு முழமே பாக்கி என்கிற அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு வேகத்தை நான் அதில் பார்த்ததே இல்லை. ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக வந்தது, வந்த வேகத்தில் பாலத்தின் இரண்டு கண்ணுக்குள்ளும் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. எதுவும் எதிலும் மாட்டவில்லை. பேங்க் சார் மழைக்கோட்டோடு பாலத்தில் நின்றுகொண்டு, கழிக்கு வேலையே இல்லை மேடம் என்று கத்தினார். நான் நிற்காமல் பாலத்தைத் தாண்டிப் பள்ளத்துத் தெருவுக்கு இறங்கினேன்.

தெருவில் கணுக்கால் அளவுக்கு மழைத் தண்ணீர்தான். ஆனாலும் தெரு பயந்துதான் இருந்தது. திறந்திருந்த ஒவ்வொரு வாசல் வழியாகவும் உள்ளே தெரிந்தது. கட்டிலுக்கு மேல் கட்டில், செங்கல்லுக்கு மேல் பீரோ, பரண் முழுக்க அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகப் பையும். ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைக் கயிறு கட்டி மேசை மேல் ஏற்றியிருந்தார்கள்.

மாவுக்காரியின் வீட்டுக் கதவைத் தள்ளினேன். தரை காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்து மூச்சு விடுவதற்குள் மற்றதும் கண்ணில் பட்டது. கிரைண்டர் தரையில் இருந்தது. அரிசி மூட்டை சுவரோரம் தரையில். உளுந்து ஊறுகிற குண்டான்கள் தரையில். கல் வைத்து உயர்த்தியது, கயிறு கட்டித் தூக்கியது என்று ஒரு பொருள்கூட இல்லை. பெண்கள் இரண்டும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு வந்ததே ஆத்திரம். "உனக்கு அறிவு இருக்கா? போன வருஷம் பட்டது போதாதா? தெருவே மூட்டை கட்டி மேல வச்சிருக்கு, நீ மட்டும் எல்லாத்தையும் கீழ போட்டுட்டு உக்காந்திருக்கே! ராத்திரி தண்ணி வந்திருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்குக்கா கத்தற? புள்ளைங்க தூங்குதுங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டுக்காரு கூட தூக்கி வைக்கலாம்னாரு. நான்தான் வாணான்னேன். நீ அண்ணன் மரத்தையே வெட்டிக் குட்த்துட்ட. அதுக்கப்புறமும் நான் கிரைண்டரத் தூக்கி மேல வச்சேன்னா, அதுக்கு இன்னாக்கா அர்த்தம்?"

சொட்டச் சொட்ட நனைந்த புடவையோடு அந்தக் காய்ந்த தரையில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதேன். மரம் விழுந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அவள் என்னைத் தேற்ற வரவில்லை. கரண்ட் வந்ததும் ஆட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, குண்டானை இழுத்துப் போட்டுக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.